ஏ பக்கம், பி பக்கம்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் ஒன்பது நிமிஷத்தில் பதினான்கு பாட்டு கேட்டாள். எண்ணினேன். பி.காம். படித்தவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறென்ன தெரியும்? ஒரு பாட்டு ஆரம்பிக்கும். சில விநாடி. கட்டைவிரலால் ஒரு தள்ளு. அடுத்த பாட்டு.

"ஏம்மா, ஒரு பாட்டையாவது முழுசாக் கேளேன்."

"இது போர்ப்பா."

"இன்னும் பல்லவியே வரலியே!"

"அதான் போர்."

ஒன்பது வயசுக்கு இது நல்ல பதில்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு 1994-க்குப் போய்விட்டது.

அந்த வருஷம் 'காதலன்' வந்தது. தஞ்சாவூரில் எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பையன்கள் எல்லோரும் பிரபுதேவா மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள். நடக்கத் தெரியாதவன்கூட உட்கார்ந்தபடி ஆடினான். இரண்டாம் வகுப்பில் இருந்த நான் அப்பாவிடம் கேசட் கேட்டேன். அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். எதையும் உடனே மறுக்க மாட்டார், பரிசீலிப்பார். பரிசீலித்துவிட்டு ஒரு காலி கேசட் வாங்கி வந்து, வெள்ளைத் தாளில் எண் போட்டுப் பட்டியல் எழுத ஆரம்பித்தார்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் கடைகளை முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மறந்திருக்க முடியாது. பட்டியலைக் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். சட்டப்படி அது தப்பு என்று பிற்பாடு மெர்கன்டைல் லா படித்தபோது தெரிந்தது. அரசு ஊழியரான அப்பாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். அதை மட்டும் அவர் பரிசீலிக்கவில்லை.

அறுபது நிமிஷ கேசட் என்பது ஒரு பேலன்ஸ் ஷீட். ஏ பக்கம் முப்பது நிமிஷம், பி பக்கம் முப்பது நிமிஷம். இசைத்தட்டு காலத்துப் பாட்டென்றால் மூணரை, நாலு நிமிஷம். பக்கத்துக்கு ஏழெட்டு பிடிக்கும். ரகுமான் பாட்டென்றால் ஐந்து, ஆறு நிமிஷம், ஐந்துதான் பிடிக்கும். அப்பாவின் பட்டியலில் இடமில்லாததற்கு இந்தக் கணக்கையே காரணமாகச் சொன்னார். எம்.எஸ்.வி.-ராமமூர்த்தி, டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி. ஸ்ரீனிவாஸ் என்று வரிசையாகப் போய், பி பக்கத்தின் கடைசியில், போனால் போகிறதென்று, எனக்காக 'காதலன்' பாட்டு ஒன்றே ஒன்று.

அதை மட்டும் ஓட்டிக் கேட்கலாமே என்பீர்கள். முடியாது. "ஃபார்வர்டு அமுக்கினா ஹெட் தேஞ்சுடும்டா" என்று அப்பா ஒரு அரசாணை போட்டிருந்தார். விஞ்ஞான ஆதாரம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே ஒரு பிரபுதேவாவுக்காக, தினமும் ஆறு பழைய பாட்டுகளைச் சகித்தேன்.

சகிப்பு எந்த வாரம் பிரியமாக மாறியது என்று கணக்கில் இல்லை. பத்தாம் வகுப்பு வந்தபோது பி பக்கக் கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே டேப்பை நிறுத்த ஆரம்பித்திருந்தேன்.

ஏ பக்கத்தில் கடைசியாக இருந்தது 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் சுசீலா பாடியது. கணவன் கட்டிலில் படுத்திருக்க, தேவிகா சிதாரை வைத்துக்கொண்டு பாடுவாரே, அதுதான். அங்கே ரெக்கார்டிங் கடைக்காரரின் கணக்கு இடித்துவிட்டது. கடைசிச் சரணத்தின் நடுவில் டேப் தீர்ந்து, 'டக்'கென்று பட்டன் மேலே எழும்பும். பாட்டு அங்கேதான் முடிகிறது என்றே பல வருஷம் நம்பினேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒருநாள் முழுப் பாட்டையும் கேட்டபோது, யாரோ அதிகப்பிரசங்கித்தனமாக மேலே பாடிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

கேசட்டைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சு இன்ஜினியர். பிலிப்ஸ்காரர். கோட்டுப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, 'கேசட் பெட்டி இந்த சைஸில் இருக்கட்டும்' என்று தீர்மானித்தாராம். 1963-ல் பெர்லினில் அறிமுகம் செய்தார்கள். 2021-ல், 94 வயதில் காலமானார். பாட்டு கேட்பதைச் சுலபமாக்கத்தான் மனிதர் பாடுபட்டார். தஞ்சாவூரில் ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க் அதை வைத்துத் தன் ரசனையைப் பிள்ளை தலையில் ஏற்றுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இப்போது மொபைலில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு பாட்டு 'கேட்கப்பட்டதாக'க் கணக்கு. இளையராஜாவின் சில முன்னிசைகள் வாசலைத் தாண்டவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். அது போகட்டும். என் குறை வேறு. எனக்கு என்ன பிடிக்கும் என்று கவனித்து, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து நீட்டுகிறது அந்த மெஷின். அப்பா அப்படியில்லை. அவருக்குப் பிடித்ததை நீட்டினார். எனக்குப் பிடித்த நூறு பாட்டில் அறுபது நான் கேட்டு வாங்கியதில்லை, பிதுரார்ஜிதம். வரியும் கிடையாது. எஸ்டேட் டியூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

அப்பா 2015-ல் காலமானார். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அவள் காதில் ஹெட்போன், என் காதில் ஹெட்போன், மனைவி காதில் ஹெட்போன். ஒரே வீட்டில் மூன்று தனித்தனி கம்பெனிகள். இப்படியே போனால் இவளுக்கு எங்களிடமிருந்து ஒரு பாட்டுகூட மிஞ்சாதே என்று பயம் வந்தது.

எனவே நானும் ஒரு அரசாணை போட்டேன். ஞாயிறு காலை, தோசை நேரத்தில், சமையலறையில் ஒரே ஸ்பீக்கர். ஆளுக்கு இரண்டு பாட்டு, முறை வைத்து. யாரும் யார் பாட்டையும் தள்ளக் கூடாது. தள்ளினால் கிரைண்டர் கழுவ வேண்டும்.

மனைவி 'ஜானி' (1980) கட்சி. அவளால் பிரச்னை இல்லை. மகள் போட்டது பி.டி.எஸ். 2013-ல் கிளம்பிய ஏழு கொரியப் பையன்கள். யார் பாடுகிறார், யார் ஆடுகிறார், யார் கோபமாக இருக்கிறார் என்று ஒன்றும் புரியவில்லை. சிதார் பாட்டு முழுக்க அவள் தண்டனைக் கைதி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொரியா முழுக்க நான்.

நாலாவது வாரம், கணக்கு எழுதப் போகும் இரும்புக் கடையில் ஜி.எஸ்.டி. பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி முணுமுணுக்கிறீங்க, தெலுங்கா?"

"கொரியா அண்ணாச்சி."

"வடக்கா, தெற்கா?"

வாய்க்குள் எப்போது புகுந்தது என்று எனக்கே தெரியாது. ஹெட் தேய்ந்தால் தேயட்டும். தள்ளாமல் கேட்டால் எதுவும் உள்ளே போய்விடும் போலிருக்கிறது.

நம்ம பக்கம்தான் ஒன்றும் நகரவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம், சுசீலா பாடிக்கொண்டிருக்கும்போது, பழைய டேப் தீரும் இடத்தில் என்னையறியாமல் "டக்" என்று சொல்லிவிட்டேன். "என்னப்பா டக்?" என்றாள். கேசட், வெள்ளைத் தாள், கடைக்காரர், தாத்தாவின் அரசாணை எல்லாவற்றையும் சொன்னேன். "ஓ" என்று தோசையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

போன ஞாயிறு அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். அவள் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். கேட்கிறாளா என்றே தெரியவில்லை. கடைசிச் சரணம். நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"டக்" என்றாள், தலை நிமிராமல்.

சரியாக அதே இடம். தாத்தாவை அவள் பார்த்ததே கிடையாது.