அழகாக இருக்கிறது, அப்புறம்?



பூஜை மலர் உங்கள் கைக்கு வரும்போது கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டி முடித்துத் துணி சுற்ற ஆரம்பித்திருப்பார்கள். பள்ளிகள் மூடப்போகின்றன. விடுமுறையை மனத்தில் வைத்து, இந்த முறை சிறுவர் பகுதிக்கு வீடியோ விளையாட்டுகளைப் பற்றி மதிப்புரை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். பிள்ளைகளும் எழுதினார்கள், பெற்றோரும் எழுதினார்கள். மிக்க மகிழ்ச்சி.

எல்லாவற்றையும் படித்தபோது ஒன்று உறுத்தியது. சண்டை விளையாட்டு, கார்ப் பந்தயம் என்றால் எந்தத் துப்பாக்கி சரியில்லை, எந்த வளைவில் வண்டி பிடிகொடுக்கவில்லை என்று அக்குவேறு ஆணிவேறாக அலசியிருக்கிறார்கள். விளையாட்டு அழகாகவும் மென்மையாகவும் இருந்துவிட்டால் மட்டும் ‘க்யூட்டா இருக்கு, எல்லாரும் ஆடலாம்’ என்று நாலே வரி. அந்த நாலு வரி எனக்குப் போதவில்லை. அழகான பொருளைச் செய்தவரும் ராப்பகலாக உழைத்தவர்தான். அவருக்கு நாம் தர வேண்டிய கவனத்தில் ஏன் இந்தக் குறை?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். கிர்பி என்ற இளஞ்சிவப்பு உருண்டையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1992-இல் ஜப்பானின் ஹால் லேபரட்டரி நிறுவனத்தில் மசாஹிரோ சகுராய் என்ற இளைஞர், அதற்குமுன் விளையாட்டே ஆடாதவரும் கடைசிவரை ஆடி முடிக்கவேண்டும் என்று நினைத்து உருவாக்கிய பாத்திரம் அது. 2005-இல் நிண்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவிக்கு ‘கிர்பி: கேன்வாஸ் கர்ஸ்’ வந்தது. சூனியக்காரி ஒருத்தி கிர்பியின் கைகால்களைப் பறித்து வெறும் பந்தாக்கிவிடுகிறாள். ஓட முடியாது, தாவ முடியாது. ஆடுபவர் ஸ்டைலஸ் குச்சியால் திரையில் ஒரு வானவில் கோடு போடவேண்டும். பந்து அந்தக் கோட்டின்மேல் உருண்டு போகும். பள்ளம் வந்தால் கோடுதான் பாலம். எதிரி சுட்டால் அதுவே சுவர். கோடு போடும் மைக்கும் அளவு உண்டு. தீர்ந்துவிட்டால் மீண்டும் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தித் தாவும் பழக்கத்தையே இந்த விளையாட்டு கைவிட்டுவிட்டது.

விமரிசகர்கள் அப்போது கொண்டாடினார்கள். பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் அதற்கு நூற்றுக்கு 86. பாராட்டுக்குக் காரணம் இருந்தது. டி.எஸ். வெளிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை; தொடுதிரை எதற்கு என்ற கேள்விக்கு யாரும் உருப்படியான பதில் சொல்லவில்லை. பல விளையாட்டுகள் குச்சியை ஒட்டுச் சதையாகத்தான் வைத்திருந்தன. குச்சியைப் பிடுங்கிவிட்டால் விளையாட்டே இல்லை என்ற நிலையை இது உண்டாக்கியது.

பத்தாண்டு கழித்து, 2015-இல், அதே எண்ணத்தை ஹால் நிறுவனம் மறுபடி எடுத்தது. ‘கிர்பி அண்ட் தி ரெயின்போ கர்ஸ்’, வீ யூ என்ற வீட்டுக் கருவிக்காக. இந்த முறை உலகம் முழுவதும் களிமண். மரம், மேகம், எதிரி, கிர்பி எல்லாமே கையால் பிசைந்து பிடித்த பொம்மைகள்போல. அசைவையும் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவிட்டு அமைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு அசைவுக்கும் ஒருவர் பொம்மையை நகர்த்திவைத்துப் படமெடுத்ததுபோல. ஷோகோ சகாய் தலைமையிலான இசை, ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க வாயில் முணுமுணுக்க வைக்கும். பார்த்தவர் எல்லோரும் மயங்கினார்கள். ஆனால் மெட்டாகிரிட்டிக் சராசரி 73-இல் நின்றது.

அதே உருண்டை, அதே கோடு. அழகு கூடியிருக்கிறது, மதிப்பு ஏன் இறங்கியது? இங்கேதான் விமரிசகர்களின் உழைப்பு தெரிகிறது. கிர்பியின் பழைய பலமான, எதிரியின் சக்தியை வாங்கிக்கொள்ளும் வித்தையை எடுத்துவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். நியாயமான குறை. முதல் பாதியில் வந்த பெரிய எதிரிகளே பிற்பாதியில் திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றவர்களும் உண்டு. அதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. ஏழு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள். ஒரு பூஜை விடுமுறைக்கு அது போதும்.

ஆழமான குறை வேறு. வீ யூ கருவிக்கு இரண்டு திரைகள்: வீட்டுத் தொலைக்காட்சி ஒன்று, கையில் பிடிக்கும் கேம்பேடில் இருக்கும் 6.2 அங்குலத் திரை ஒன்று. கோடு போடுவது கேம்பேடில். கோடு போடுபவர் கண்ணை அங்கிருந்து எடுக்கவே முடியாது. அத்தனை பாடுபட்டுப் பிசைந்த களிமண் உலகம் பெரிய திரையில் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்க, ஆடுபவர் மட்டும் தலைகுனிந்து சின்னத் திரையில் அதன் மங்கலான நகலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டி.எஸ்-இல் குச்சி தொட்ட இடத்திலேயே பந்தும் உருண்டது. கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தன. வீ யூ-வில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டில், சிங்கப்பூர்ச் சித்தப்பா கொடுத்தனுப்பிய பழைய வீ யூ இருக்கிறது. போன மழைக்காலத்தில் அங்கே பிள்ளைகள் இதை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட ஆடுபவர்கள் பட்டன் உள்ள ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, வாடில் டீ என்ற குட்டிப் பாத்திரமாகத் தாவலாம்; அவர்கள் பார்ப்பது டிவியை. கேம்பேட் தம்பியிடம் இருந்தது. அக்கா, “டேய், அந்த மேகத்தைப் பாரேன், எவ்ளோ அழகா இருக்கு!” என்றாள். தம்பி தலையை நிமிர்த்தாமல், “நீயே பாரு. நான் பாத்தா கிர்பி விழுந்துடும்” என்றான்.

அவனுக்கு மெட்டாகிரிட்டிக் தெரியாது. உலகத்து விமரிசகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை அந்தச் சிறுவன் போகிற போக்கில் சொல்லிவிட்டான். அவனுடைய அந்த வரி இந்த மலருக்கு வந்திருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன்.

களிமண்ணைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இந்த ஊருக்கு இருக்கும் உரிமை வேறெந்த ஊருக்கு உண்டு? சிலை செய்பவர்களின் குமார்துலியில் மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, முதலில் பசையுள்ள மண், பிறகு சன்னமான மண் என்று பூசி, வெடிப்பு விழுந்த இடத்தில் களிமண்ணில் நனைத்த துணியை ஒட்டி, காயவைத்து, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். வண்ணம் பிடிக்கப் புளியங்கொட்டைப் பசை சேர்ப்பது பழைய வழக்கம். மகாளய அமாவாசையன்று அம்மனுக்குக் கண் திறக்கும் மரபு இருக்கிறது. ஐந்து நாள் பூஜை முடிந்ததும் எல்லாம் ஆற்றோடு போய்விடும். போகப்போகிற பொருள்தானே என்று இங்கே யாரும் விமரிசனத்தில் தாட்சண்யம் பார்ப்பதில்லை. போன வருஷத்து முகத்தையும் இந்த வருஷத்து முகத்தையும் ஒப்பிட்டு, புருவம் ஏறிவிட்டது, சிங்கம் மெலிந்துவிட்டது என்று டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுவார்கள். 1985-இல் ஏஷியன் பெயிண்ட்ஸ் ‘சரத் சம்மான்’ விருதைத் தொடங்கிய பிறகு பந்தல்களை மதிப்பிட நடுவர்களும் வந்துவிட்டார்கள். அதற்குமுன்பும் சரி, பின்பும் சரி, கறாரான நடுவர் வரிசையில் நிற்கும் ஜனம்தான்.

அந்த ஜனம் கேட்கும் கேள்வியை நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். சிலை அழகா என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. பந்தலில் நாம் அம்மனைப் பார்ப்பது கீழிருந்து, கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தபடி, தொண்டர்கள் “எகியே ஜான், எகியே ஜான்” (முன்னே போங்கள்) என்று விரட்ட, சில நொடிகள் மட்டும். அந்தச் சில நொடியில் முகம் கண்ணுக்குக் கிடைத்ததா? விளக்கு மறைத்ததா? அலங்காரத்தில் அம்மன் தொலைந்துபோனாளா? பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் பல லட்சம் செலவழித்த ஒரு பந்தலைப் பார்த்துவிட்டு வந்து, “எல்லாம் பார்த்தேன், தாகூரைத்தான் பார்க்கவில்லை” என்று வங்காளியில் சொன்னார். இங்கே தாகூர் என்றால் சாமி. கிர்பியின் களிமண் உலகத்தைப் பற்றி விமரிசகர்கள் கேட்டதும் பாட்டியின் இதே கேள்விதான்: பார்க்கவேண்டியவர் கண்ணுக்கு அது போய்ச் சேர்ந்ததா?

குழந்தைகளுக்கானதைப் பெரியவர்கள் பொறுப்போடு பேசும் வழக்கமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. உபேந்திரகிஷோர் ராய் 1913-இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழைத் தொடங்கினார். அவர் பேரன் சத்யஜித் ராய், உலகம் கொண்டாடும் இயக்குநரான பிறகு, 1961-இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். வீடியோ விளையாட்டை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட இந்திய அறிஞர்களில் முன்வரிசையில் இருப்பவரான சௌவிக் முகர்ஜியும் கொல்கத்தாக்காரர்தான். பிரசிடென்சியில் ஆங்கிலம் கற்பித்தவர். காலனியம் விளையாட்டுகளில் எப்படி வெளிப்படுகிறது என்பது பற்றி 2017-இல் ஒரு நூல், இந்தியத் துணைக்கண்டத்து விளையாட்டுகள் பற்றி 2022-இல் ஒரு நூல். கல்லூரியில் படிக்கும் வாசகர்கள் அவற்றைத் தேடிப் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தமிழர்களான நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’வை நம்மில் பலர் ஆடிவிட்டோம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்ற முதல் புதிர். 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. வந்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை ‘நம்ம இட்லி, நம்ம பாட்டு’ என்ற பெருமிதத்தோடு நின்றுவிட்டன. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் விளையாட்டு சின்னது, புதிர்கள் குறைவு என்று வெளிநாட்டு விமரிசகர்கள் எழுதினார்களே, அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா? இட்லி ஊற்றிப் பழகிய கையுள்ளவர்கள்தான் அந்தப் புதிர் சரியாக அமைந்திருக்கிறதா என்று சொல்லமுடியும். அந்தக் கட்டுரை தமிழில் வரவேண்டும். நம் இதழில் வந்தால் இன்னும் சந்தோஷம்.

வீ யூ கருவி ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் சொச்சம்தான் விற்றது, டி.எஸ். விற்றது பதினைந்து கோடிக்கு மேல். வீ யூ-வின் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. ரெயின்போ கர்ஸை இனி ஆட நினைப்பவர் பழைய வட்டைத் தேடிப் போகவேண்டும். இப்படி ஒரு விளையாட்டு கைக்கு எட்டாமல் போகும்போது, அது எப்படி இருந்தது, எங்கே மயக்கியது, எங்கே ஏமாற்றியது என்று எழுதிவைத்தவர்களின் வரிகள் இன்னும் அருமையாகிவிடுகின்றன. அதனால்தான் நாலு வரி போதாது என்கிறேன்.

பொங்கல் இதழில் விளையாட்டு மதிப்புரைகளுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். எந்தக் கட்டத்தில் சிரித்தீர்கள், எந்தக் கட்டத்தில் அலுத்துக் கீழே வைத்தீர்கள், ஆடும்போது உங்கள் கண் எங்கே இருந்தது என்பதை எழுதுங்கள். பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் எழுதி அனுப்பினாலும் சரி, அவர்கள் பேச்சை மட்டும் திருத்தாதீர்கள். மார்கழி பிறப்பதற்குள் எங்களுக்கு வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்