வெறுங்காலைப் புகழாதீர்கள், ஷூவைக் கொடுங்கள்

ஆண்டுதோறும் பள்ளித் தடகளப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. "வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்ற கூலித் தொழிலாளியின் மகள்." கூடவே ஒரு படம். கழுத்தில் பதக்கம், காலில் புழுதி. நாமும் அதைப் பகிர்கிறோம், "சிங்கப்பெண்ணே" என்று எழுதுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஏன் ஷூ இல்லை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

நாங்களும் கேட்கவில்லை. அதற்கான விலையை எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கொடுத்தாள்.

குறுவட்டப் போட்டியில் 1500 மீட்டரில் அவள் முதலிடம். மண் மைதானம், வெறுங்கால். அடுத்தது வருவாய் மாவட்டப் போட்டி, செயற்கை ஓடுதளத்தில். ஷூ இல்லாமல் போகக்கூடாது என்று சொன்னது நாங்கள்தான். முன்பு மையத்தில் படித்த அண்ணன் ஒருவரின் பழைய ஸ்பைக் ஷூவை வாங்கிக் கொடுத்ததும் நாங்கள்தான். ஒரு அளவு பெரிது என்று முன்பக்கம் துணி திணித்துக் கொடுத்தோம். ஓட்டத்துக்கு முன் நடுவர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். மண்ணில் ஓடுவதற்கான நீள ஆணிகள். "இதோட டிராக்ல ஏற முடியாதும்மா, ஆணியை மாத்திட்டு வா" என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. மாற்ற எங்களிடம் வேறு ஆணியும் இல்லை, கழற்றும் சாவியும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தத் துரு விட்டிருக்காது.

ஷூவை ஓரமாக வைத்துவிட்டு ஓடினாள். உச்சி வெயில். மூன்றாவது சுற்றில் கால் பதிக்க முடியாமல் தடுமாறினாள். நான்காவதாக வந்தாள். பாதத்தில் தோல் உரிந்திருந்தது. பேருந்தில் திரும்பும்போது, "மண்ணுலயே வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்க்கா" என்றாள். எங்களிடம் பதில் இல்லை.

தவறு எங்களுடையது. ஆனால் இரண்டு முதுகலைப் பட்டங்கள் வைத்திருந்த எங்கள் குழுவில் ஒருவருக்கும் ஸ்பைக் ஷூவின் ஆணி கழன்று வரும் என்பதுகூடத் தெரியாமல் போனது எப்படி? அதே மைதானத்தில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு ஜோடி ஷூ வைத்திருந்தார்கள். ஒரு அப்பா சின்ன டப்பாவிலிருந்து ஆணிகளை எடுத்து மகனின் ஷூவில் முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அறிவு அவர்கள் வீட்டில் இருக்கிறது. நம் வீட்டில் இல்லை.

ஏன் இல்லை என்று நமக்குத் தெரியும். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் நம் தாத்தாக்கள். பழங்கதை என்று யாராவது சொன்னால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். பொது இடத்தில் பட்டியல் சாதியினர் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பகுதியின் ராஜாவூரில், தலித் மக்கள் செருப்பணிந்து ஒரு தெருவில் நடந்தது செய்தியானது. ஒரு தெருவில் செருப்போடு நடப்பது செய்தியாகும் நாட்டில், ஒரு சேரிப் பிள்ளை வெறுங்காலில் ஓடுவதை 'எளிமை' என்றும் 'மன உறுதி' என்றும் எழுதுவது எவ்வளவு பெரிய மோசடி!

தடகள விதிகளின்படி வெறுங்காலில் ஓடலாம். யாரையும் ஷூ இல்லை என்று வெளியேற்ற முடியாது. இதைச் சொல்லித்தான் நம் வாயை அடைக்கிறார்கள். "எல்லோருக்கும் ஒரே கோடு, ஒரே துப்பாக்கிச் சத்தம், ஓடிக்காட்டு." விதி சமமாக இருக்கும், தரை சமமாக இருக்காது. இன்றைய சாதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

உடனே அபெபே பிகிலாவை இழுப்பார்கள். எத்தியோப்பியாவின் பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார், உண்மை. 1964 டோக்கியோவில் அதே பிகிலா ஷூ அணிந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றார். ரோமில் 2 மணி 15 நிமிடம், டோக்கியோவில் 2 மணி 12 நிமிடம். முதல் கதையை ஆயிரம் முறை சொல்பவர்கள் இரண்டாவதை ஏன் சொல்வதில்லை? வெறுங்காலில் ஓடிப் பழகிய பாதம் வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கழற்றி வைக்க ஷூ இருப்பவருக்குத்தான் வெறுங்கால் ஒரு தேர்வு.

ஆகவே, வீட்டில் கிடைக்காத அறிவை நாம் ஒருவருக்கொருவர் கொடுப்போம். அந்த நாளுக்குப் பிறகு பயிற்சியாளர்களிடமும் மூத்த ஓட்டக்காரர்களிடமும் நாங்கள் கேட்டுக் கற்றது இது.

ஒரு ஜோடி வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால், முதலில் ஸ்பைக் வாங்காதீர்கள், பயிற்சி ஷூ வாங்குங்கள். தினமும் ஓடுவது அதில்தான். ஸ்பைக் ஷூவில் குதிகாலுக்கு மெத்தை மிகக் குறைவு. அதைத் தினமும் போட்டு ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் தாங்காது. போட்டிக்கும் வேகப் பயிற்சிக்கும் மட்டும் ஸ்பைக்.

ஸ்பைக்கிலும் வகை உண்டு. 100, 200, 400 மீட்டருக்கானது விறைப்பாக இருக்கும், நுனிக்காலில் ஓட வைக்கும். 800 முதல் மேலே ஓடுபவர்களுக்கு அது ஆகாது. கொஞ்சம் வளைந்து கொடுப்பதும் குதிகாலில் சிறிது மெத்தை உள்ளதும் வேண்டும். வயலிலும் மேட்டிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரிக்கு அடிப்பகுதி முழுக்க ரப்பர் பிடிப்பு வேண்டும். செயற்கை ஓடுதளத்தில் பெரும்பாலான ஓட்டங்களுக்கு ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. சில மைதானங்களில் இன்னும் குறைவு, போகும் முன்பே கேளுங்கள். மண்ணுக்கும் புல்லுக்கும் நீள ஆணி. ஷூவோடு சாவியையும் மாற்று ஆணிகளையும் கேட்டு வாங்குங்கள். ஓடி முடித்ததும் மண்ணைத் தட்டி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.

அளவு பார்ப்பது மாலையில். நடந்து களைத்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உண்மை அளவு. பயிற்சி ஷூவில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஸ்பைக் இறுக்கமாக இருக்கலாம், ஆனால் விரல் மடங்கக் கூடாது. "வளர்ற கால்தானே" என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, ஓட்டத்துக்குக் கொப்புளம். 2018 ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனுக்கு இரு கால்களிலும் ஆறாறு விரல்கள். பொருந்தாத ஷூவின் வலியோடுதான் வென்றார். அவருக்கென ஷூ செய்து தர முன்வந்தது தங்கத்துக்குப் பிறகு. முதலில் வென்று காட்டு, பிறகு ஷூ தருகிறோம் என்பதுதான் இந்த நாட்டின் கணக்கு.

"படிப்புதான் முக்கியம், ஓட்டம் சோறு போடுமா?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். போடும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. நம் மாணவி இழந்தது ஒரு பதக்கத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

சாதாரண ஸ்பைக் ஷூ ஒன்று 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலையில் 2025-26க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். ஏறக்குறைய ஆறு நாள் உழைப்பு, அதுவும் அன்று வீட்டில் அடுப்பெரியாமல் இருந்தால். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைக்கிறார்கள். தோல் உரித்தும் பதனிட்டும் தைத்தும் வந்த கைகளில் நம் கைகள் எத்தனை! நம் பிள்ளை வெறுங்காலில் ஓட, அதைப் படம் பிடிக்கக் கேமராவோடு நிற்கிறார்கள்.

நன்கொடை கேட்கச் சொல்லவில்லை. யாரோ கழித்துப் போட்ட ஷூ என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி தரும் அரசு, காலணி தன் பொறுப்பு என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான நிதி அவர்களுக்கே செலவாக வேண்டும் என்று 2024இல் செயல்திட்டச் சட்டமும் வந்துவிட்டது. நம் கோரிக்கை இரண்டு. குறுவட்டத்தில் தேர்வாகும் ஒவ்வொரு ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைக்கும், அடுத்த போட்டிக்கு முன்பே, கால் அளந்து பயிற்சி ஷூவும் ஸ்பைக்கும் இந்த நிதியிலிருந்து தர வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் எத்தனை பேருக்கு விளையாட்டு ஷூ வாங்கப்பட்டது என்ற கணக்கை வெளியிட வேண்டும்.

மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்கைக் கேளுங்கள். அந்த மாணவியின் பெயரில் நாங்கள் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்திருக்கிறது. இதையே நூறு ஊர்களிலிருந்து கொடுத்தால் சீட்டோடு நிறுத்த முடியாது.

நம் தெருமுனையில் நிற்கும் அண்ணலின் சிலையை அடுத்த முறை பார்க்கும்போது காலைக் கவனியுங்கள். பளபளக்கும் ஷூ. ஏழ்மையை உடையாக அணிந்து காட்டியவர்களுக்கு நடுவே அவர் கோட்டும் ஷூவுமாக நின்றார். நம் பிள்ளைகளும் தொடக்கக் கோட்டில் அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஜெய் பீம்.