காரணம் சொல்லாத பயம்

நிலநடுக்கத்துல ஒரு மலை பிளந்துடுச்சு. பிளந்த பாறை முழுக்க ஓட்டைகள். ஒரு மனுஷன் நேரா நின்னா எப்படி இருப்பானோ அதே வடிவத்துல, தலை, தோள், கை, கால் எல்லாம் அளவெடுத்துக் குடைஞ்ச மாதிரி இருக்கு. டிவி நியூஸ்ல பார்த்துட்டு ஜனங்க கிளம்பி வர்றாங்க. கூட்டத்துல ஒருத்தன் ஒரு ஓட்டையைக் காட்டி, இது எனக்காகவே செஞ்சதுன்னு சொல்றான். மத்தவங்க தடுக்கிறதுக்குள்ள உள்ளே நுழைஞ்சுடறான். கச்சிதமா பொருந்துது. முன்னாடி மட்டும்தான் போக முடியும், பின்னாடி வர முடியாது.

ஜப்பானிய மங்கா கலைஞர் ஜுன்ஜி இட்டோ எழுதி வரைஞ்ச 'அமிகாரா பிளவின் புதிர்' கதை இப்படித்தான் ஆரம்பிக்குது. முடிவை நான் சொல்லப் போறதில்லை. பத்து நிமிஷத்துல படிச்சு முடிக்கிற சின்னக் கதை. ஆனா படிச்சவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, கடைசிப் பக்கத்தை இன்னும் மறக்கலைன்னு சொல்லுவாங்க.

நம்ம ஹாஸ்டல்லயே இந்த மாதிரி ஹாரர் தொகுப்பு காமிக்ஸ் படிக்கிற ஒரு கூட்டம் இருக்கு. அவங்களைப் பார்த்து மத்தவங்க கேக்கிற கேள்வியும் எப்பவும் ஒண்ணுதான்: "ஏன்டா, தூங்கப் போற நேரத்துல இதெல்லாம் தேவையா?" தேவைதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

நியாயம் கேக்கிற பேய்கள்

முதல்ல நமக்குப் பழக்கமான பேயை எடுத்துக்கலாம். 'காஞ்சனா' படத்துல பேய் சும்மா வராது. இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஃப்ளாஷ்பேக் வரும், அதுல ஒரு துரோகம், ஒரு கொலை. பேய் கேக்கிறது நியாயம். அது கிடைச்சதும் நாமளும் நிம்மதியா தியேட்டரை விட்டு வெளியே வர்றோம். 'சந்திரமுகி'யில இன்னொரு வழி. அது பேயே இல்லை, மனநோய்னு டாக்டர் விளக்கிடுவார். ஒண்ணு நியாயத்தால பயத்தை மூடுது, இன்னொண்ணு விளக்கத்தால மூடுது. ரெண்டும் எனக்குப் பிடிச்ச படங்கள்தான். ஆனா ரெண்டுலயுமே படம் முடியும்போது பயமும் முடிஞ்சுடுது.

ஹாரர் தொகுப்பு காமிக்ஸும் இப்படித்தான் ஆரம்பிச்சது. 1950ல அமெரிக்காவுல வில்லியம் கெய்ன்ஸ் நடத்தின இசி காமிக்ஸ், 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்'னு மூணு இதழ்களைக் கொண்டு வந்தது. விலை 10 சென்ட். ஒரு இதழுக்கு நாலு கதை. கதையைத் தொடங்கி வைக்க ஒரு கிழவி, ஒரு கல்லறைக் காவல்காரன்னு ஜோக் அடிக்கிற ஆளுங்க. கதைகள்ல பாதிக்கு மேல ஒரே சூத்திரம்: புருஷன் பொண்டாட்டியைக் கொல்லுவான், பங்காளி பங்காளியைக் கொல்லுவான், கடைசிப் பக்கத்துல செத்தவங்க குழியிலிருந்து எழுந்து வந்து கணக்கைத் தீர்ப்பாங்க. ரத்தம் நிறைய. ஆனா உள்ளே பார்த்தா நம்ம பாட்டி சொன்ன நீதிக்கதைதான். தப்பு பண்ணினா தண்டனை உண்டு.

வேடிக்கை என்னன்னா, இந்த நீதிக்கதைகளைத்தான் குழந்தைகளைக் கெடுக்குதுன்னு கூண்டுல ஏத்தினாங்க. 1954ல ஃப்ரெட்ரிக் வெர்தம்ங்கற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் சிறுவர் குற்றங்களுக்குக் காரணம்னு ஒரு புத்தகமே எழுதினார். அதே வருஷம் ஏப்ரல்ல செனட் துணைக்குழு விசாரணை. வெட்டின தலையைக் கையில பிடிச்சிருக்கிற ஒரு அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையான்னு செனட்டர் கெஃபாவர் கேட்டார். ஹாரர் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான், தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சு கழுத்துல ரத்தம் சொட்டறதைக் காட்டியிருந்தா அதுதான் மோசம்னு கெய்ன்ஸ் பதில் சொன்னார். அந்தப் பதில் அவருக்குச் சாதகமா போகலை.

நாடு முழுக்கச் செல்லுபடியாகிற சட்டம் எதுவும் வரலை. பதிப்பாளர்களே சேர்ந்து 'காமிக்ஸ் கோட்'னு ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கிட்டாங்க. தலைப்புல 'ஹாரர்', 'டெரர்'ங்கற வார்த்தைகள் கூடாது. நடக்கும் பிணங்கள், ரத்தக்காட்டேரிகள் கூடாது. எல்லாக் கதையிலயும் நன்மைதான் ஜெயிக்கணும். 1955க்குள்ள இசியோட ஹாரர் இதழ்கள் மூணுமே கதை முடிஞ்சு போச்சு.

அந்த விதி எதைப் பார்த்துப் பயந்ததுன்னு தெரியணும்னா இன்னொரு சம்பவத்தைப் பாருங்க. 'தீர்ப்பு நாள்'னு இசி 1953ல வெளியிட்ட ஒரு அறிவியல் புனைகதை. ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களைத் தனியா ஒதுக்கி வைக்கிற ஒரு கிரகம். பூமியிலிருந்து வந்த ஆய்வாளர், இந்தப் பாகுபாடு இருக்கிற வரைக்கும் உங்களைச் சேர்த்துக்க முடியாதுன்னு சொல்லிட்டுக் கிளம்பறார். கடைசி பேனல்ல ஹெல்மெட்டைக் கழட்டறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். 1956ல இதை மறுபடி அச்சிடப் போனப்ப, அந்த ஆள் கறுப்பினத்தவரா இருக்கக் கூடாதுன்னு தணிக்கை அதிகாரி சொன்னார். கெய்ன்ஸ் மாத்தாமலே வெளியிட்டார். இந்தக் கதையில ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பெரியவங்களை உண்மையிலேயே உறுத்தினது ரத்தம் மட்டும் இல்லைங்கறதுக்கு இது போதும்.

வெர்தம் விஷயத்துல ஒரு பின்குறிப்பு. அவரோட ஆய்வுக் குறிப்புகளைப் படிச்ச கரோல் டில்லிங்கற ஆராய்ச்சியாளர், சிறுவர்கள் சொன்னதை அவர் தன் வாதத்துக்கு ஏத்த மாதிரி திரிச்சிருக்கார்னு 2012ல காட்டினாங்க. நம்ம லேப் ரெக்கார்ட்ல ரீடிங்கை மாத்தி எழுதினா என்ன பேரோ, அதேதான்.

நியாயமே கேக்காத கதைகள்

இப்ப ஜப்பானுக்கு வருவோம். ஜுன்ஜி இட்டோ 1963ல கிஃபு மாகாணத்துல பிறந்தவர். முதல்ல பார்த்த வேலை பல் டெக்னீஷியன். 1987ல 'டோமியே' கதையை, பெண் வாசகர்களுக்காக வந்த ஒரு ஹாரர் மாத இதழுக்குப் போட்டிக்கு அனுப்பினார். நடுவர்கள்ல ஒருத்தர், இட்டோ சின்ன வயசுல இருந்து படிச்சு வளர்ந்த ஹாரர் மங்கா மேதை கசுவோ உமேசு. அங்கேயிருந்து ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஏகப்பட்ட சிறுகதைகள்.

அவர் கதைகள்ல மாட்டிக்கிறவங்க பெரும்பாலும் எந்தத் தப்பும் பண்ணாதவங்க. 'நீண்ட கனவு'ன்னு ஒண்ணு இருக்கு. ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு ராத்திரியும் கனவு நீண்டுக்கிட்டே போகுது. நமக்கு ஒரு ராத்திரி, அவனுக்கு உள்ளே வருஷக்கணக்கு. காலையில எழுந்திருக்கிறப்ப பல காலம் வாழ்ந்துட்டு வந்த மாதிரி இருக்கான். முகமே மாற ஆரம்பிக்குது. ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்கார், பக்கத்துலயே உட்கார்ந்து கவனிக்கிறார். எல்லாம் இருந்தும் ஏன்னு மட்டும் தெரியலை. அவன் யாருக்கும் துரோகம் பண்ணலை, எந்தக் கல்லறையையும் தோண்டலை. நடக்குது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். காரணம் சொல்லாம விடறது சோம்பேறித்தனம் இல்லையா? எழுதத் தெரியாதவன்தானே மர்மம்னு சொல்லித் தப்பிப்பான்?

அப்படித் தப்பிக்கிற கதைகளும் உண்டு. ஆனா நல்ல கதையில காரணம் இல்லாட்டியும் விதி இருக்கும். அமிகாராவுல விதி ரொம்பக் கறார். உன் ஓட்டை உனக்கு மட்டும்தான். நுழைஞ்சா திரும்ப முடியாது, ஏன்னா குடைஞ்ச விதம் அப்படி. யார் குடைஞ்சாங்க, உன் உடம்பு அளவு அவங்களுக்கு எப்படித் தெரியும்ங்கறதுக்கு ஒரு கெட்ட கனவு மட்டும் குறிப்பு கொடுக்குது. மெஷின் ஓடற விதம் தெரியுது, யார் ஆன் பண்ணினாங்கன்னு தெரியலை. உறுத்தறதே அந்த இடைவெளிதான்.

இதுக்கு ஆதாரம் அதே புத்தகத்துலயே இருக்கு. அமிகாரா கதை, 'கியோ'ங்கற இட்டோவோட நீளமான தொடர் முடிஞ்ச பிறகு கூடுதல் கதையா வந்தது. கியோவுல மீன்கள் இரும்புக் கால்களோட கரையேறி வருது. ஆரம்பம் பிரமாதம். அப்புறம் இரண்டாம் உலகப் போர்ல நடந்த ராணுவ ஆராய்ச்சிதான் காரணம்னு ஒரு விஞ்ஞானி விளக்க ஆரம்பிக்கிறார். என்னைக் கேட்டா அங்கேயே கதை பாதி காத்து இறங்கிடுது. பெரிய கதையை விட, பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்த குட்டிக் கதைதான் இன்னிக்கு அதிகம் பேசப்படுது.

திடுக்கிடறது வேற, உறுத்தறது வேற

தொகுப்பு வடிவமும் இதுக்கு ஒத்துழைக்குது. நீளமான தொடர்ல நாயகன் சாக மாட்டான்னு நமக்குத் தெரியும், அடுத்த வாரம் அவன் வரணுமே. சிறுகதையில அந்த உத்தரவாதம் கிடையாது. முதல் பேனல்ல சிரிக்கிற பொண்ணு இருபதாவது பக்கத்துல என்ன ஆவாள்னு சொல்ல முடியாது. டோமியே மாதிரி சிலர் திரும்பத் திரும்ப வருவாங்க. ஆனா அவங்க வர்றது யாரையும் காப்பாத்த இல்லை.

படம் அசையாம இருக்கிறதும் முக்கியம். கொரியாவுல ஹொராங் வரைஞ்சு 2011ல வெளிவந்த 'போங்சோன் டோங் பேய்' வெப்டூனைப் பலர் ஃபோன்ல பார்த்திருப்பீங்க. ஸ்க்ரோல் பண்ணிட்டே போகும்போது பேய் திடீர்னு தானா நகர்ந்து மூஞ்சிக்கு நேரா வரும். ஃபோனைத் தூக்கிப் போட்டவங்க உண்டு. அடுத்த நிமிஷம் சிரிச்சுக்கிட்டே பக்கத்து ரூம் ஆளுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருப்பாங்க. திடுக்கிடறது உடம்போட வேலை, சீக்கிரம் ஆறிடும்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2010ல, கனடாவைச் சேர்ந்த எமிலி கேரல் இணையத்துல போட்ட 'ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்' கதையைப் படிங்க. அண்ணனைக் கொன்னுட்டு வந்து, மிருகம் அடிச்சுடுச்சுன்னு சொல்ற தம்பி. மூணு நாள் கழிச்சு அண்ணன் காட்டுலேருந்து நல்லபடியா நடந்து வர்றான். இசி காமிக்ஸா இருந்தா அடுத்த பக்கத்துல தம்பிக்குத் தண்டனை. இங்கே அப்படி எதுவும் நடக்கலை. அண்ணன் சிரிச்சுப் பேசறான். தம்பி உண்மையைப் பார்க்கக் குழிக்குள்ள இறங்கறப்ப, நாமளும் கூடவே கீழே கீழே ஸ்க்ரோல் பண்றோம். எந்த வேகத்துல இறங்கணும்னு முடிவு பண்றது நம்ம விரல்தான். பேய் நம்ம மேல பாயலை, நாமதான் அதைத் தேடிப் போறோம்.

நமக்கு இது எதுக்கு?

நம்ம படிப்பே காரணம் தேடற படிப்பு. ஒரு பாகம் உடைஞ்சா மூலகாரணம் என்னன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு மீன்முள் வரைபடம் போடறோமே, அதைக் கொடுத்தவர் கவோரு இஷிகாவா. அஞ்சு தடவை 'ஏன்'னு கேக்கிற முறை டொயோட்டாவிலிருந்து வந்தது. எதுக்கும் காரணம் உண்டுன்னு நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஜப்பான்தான், காரணமே இல்லாம மலையில ஓட்டை போட்டும் வச்சிருக்கு.

தொழிற்சாலைக்கு அந்த முறை சரி. ஆனா நாம அதையே மனுஷங்க மேலயும் போட்டுப் பார்க்கிறோம். நாலு ரவுண்டு க்ளியர் பண்ணினவன் கடைசி எச்.ஆர். ரவுண்டுல வெளியே வர்றான். ஏன்னு கம்பெனி சொல்லாது. ஆனா ஊரே சொல்லும். இங்கிலீஷ் சரியில்லை, கான்ஃபிடன்ஸ் இல்லை, இன்னும் கொஞ்சம் உழைச்சிருக்கலாம். வீட்டுல முதல் கேள்வியே "நீ என்ன தப்பு பண்ணின?"ன்னுதான் வரும். இது இசி காமிக்ஸ் நியாயம். தண்டனை இருந்தா குத்தமும் இருந்தே ஆகணும். மறு உலகத்துக் கிழவி சொன்னா சிரிச்சுக்கலாம். மாமா சொல்றப்ப சிரிக்க முடியாது.

இட்டோ மாதிரி ஆளுங்களோட கதைகள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேக்க மாட்டாங்குது. சில கெட்டது சும்மா நடக்கும், நடந்தவன் மேல பழி இல்லைன்னு அது வாய்விட்டுச் சொல்றதில்லை. ஆனா கதை முழுக்க அதைத்தான் காட்டுது. இருபத்தோரு வயசுல, ரிசல்ட்டுக்கும் ஆஃபர் லெட்டருக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது ஒரு வினோதமான ஆறுதல். தன்னம்பிக்கை ஸ்பீச் கொடுக்காத ஆறுதல்.

அதே சமயம், இது எல்லாருக்குமான மருந்துன்னு நான் சொல்லலை. மனசு ஏற்கெனவே பாரமா இருக்கிற நாள்ல இந்தப் பக்கமே வராதீங்க. அன்னிக்கு ஒரு நல்ல காமெடி படம் பாருங்க, இல்லாட்டி யார்கிட்டயாவது பேசுங்க. காமிக்ஸ் எங்கேயும் போகாது.

முதல் தடவை படிக்கிறவங்க அமிகாராவுல ஆரம்பிங்க, அப்புறம் 'நீண்ட கனவு'. படிச்சு முடிச்சதும் உடனே இணையத்துல விளக்கம் தேடாதீங்க. "இதுக்கு என்னடா அர்த்தம்?"னு ரூம்மேட் கேட்டா, தெரியலைன்னு சொல்லுங்க. வைவாவுலதான் அந்தப் பதிலுக்கு மார்க் கிடையாது.