மாரியும் பரீட்சையும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியக் கட்டுரையொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். சங்கச் செய்யுள்களிற் கார்காலம் வருணிக்கப்படும் அழகைப் பற்றி எழுதலாமென்றே யானும் முதலில் எண்ணினேன். ஆயின், எழுதுகோலை எடுத்தவிடத்து என் கண்முன் வந்து நின்றது ஏட்டிலுள்ள கார் அன்று. நம் கரைநாட்டு மாரியே. விழா மலரில் வெள்ளத்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் எழுதுவது மங்கலக் குறைவென்று கருதுவோர் பொறுத்தருள்க.

யான் நம் கல்லூரியிற் பயின்று, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, இன்று கல்முனைக்கு அணித்தான முஸ்லிம் ஊரொன்றிலே தமிழ் கற்பித்து வருபவன். பரீட்சைக் காலத்தில் மண்டப நோக்குநனாகவும் கடமை புரிகின்றேன். மூன்று மணி நேரம் பேசாது நிற்கும் அக்கடமையில் மாணாக்கரின் முகங்களைப் பார்ப்பதன்றி வேறு தொழில் இல்லை. வகுப்பறையிற் கற்றுக்கொள்ளாத பலவற்றை யான் அங்கே கற்றுக்கொண்டேன்.

நம் கரையின் அமைப்பை அறியாதார்க்கு ஒரு வார்த்தை. பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் யாவும் கடலோரத் தெருவொன்றிலே கோத்த மணிகள் போல் அமைந்தவை. தமிழர் ஊர் எங்கே முடிகின்றது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்குகின்றது என்பது புதிதாய் வருவோனுக்கு எளிதிற் புலப்படாது. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அவ்வயலுக்கு அப்பால் சம்மாந்துறையும் நாவிதன்வெளியும் பிறவும் உள. கரைக்கும் அவ்வூர்களுக்கும் இடையே வயலை ஊடறுத்துச் செல்லும் தெருக்கள் சிலவே. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் செல்வது ஒன்று; கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாக நாவிதன்வெளிக்குச் செல்வது மற்றொன்று. கல்லோயாப் பள்ளத்தாக்கிற் பெய்யும் மழையெல்லாம் இவ்வயல்களின் வழியே கடலைத் தேடி வருவதாதலால், மாரி வலுத்தவிடத்து இத்தெருக்கள் தெருக்களாக இரா. கிட்டங்கியில் நீர் குறுக்கறுத்துப் பாய்வதைப் பாராத ஆண்டு நம்மவர் வாழ்விற் குறைவே.

இனி, பஞ்சாங்கத்தை நோக்குவோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2019ஆம் ஆண்டு வரை பல்லாண்டுகளாக ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்று வந்தது. நம் நாட்டில் அது கச்சான் காற்று வீசுங் காலம், வெக்கை மிகுதி, பெண் பிள்ளைகள் மயங்கி விழுந்ததும் உண்டு. ஆயினும் வெக்கை எவரையும் அடித்துக்கொண்டு போவதில்லை. கொரோனாத் தொற்று நாட்காட்டியைக் கலைத்தபின் பரீட்சைகள் மாதம் மாதமாக அலைந்து, 2024ஆம் ஆண்டில் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25ஆம் நாளிலே தொடங்கலாயிற்று. வடகீழ்ப் பருவமழை கிழக்கிலங்கையில் உச்சங்கொள்ளும் காலம் அஃதென்பதை வயலில் வரம்பு கட்டும் சிறுவனும் அறிவான். 1978ஆம் ஆண்டுச் சூறாவளி மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்ததும் நவம்பர் 23ஆம் நாளிரவிலேயே.

பின்னர் ஃபெங்கல் எனப் பெயர் பெற்ற புயலின் மழை பரீட்சை தொடங்கிய மறுநாளே நம்மைச் சூழ்ந்தது. நவம்பர் 26ஆம் நாள், நிந்தவூரிலுள்ள அரபுக் கல்லூரியொன்றிலிருந்து வெள்ளத்தின் பொருட்டு விடுமுறை பெற்றுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய சிறுவர்கள் ஏறிய உழவு இயந்திரம், மாவடிப்பள்ளித் தெருவிலே வெள்ளத்தால் இழுத்துக் கவிழ்க்கப்பட்டது. மாண்டோருள் மாணவர் அறுவர். அவர்கள் பரீட்சைக்குச் சென்றவர்கள் அல்லர்; அதனை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. ஆனால் அதே பருவத்தில் அதே வெள்ளத்தைக் கடந்தே பரீட்சை மாணாக்கரும் வருதல் வேண்டியிருந்தது. மறுநாள் முதல் பரீட்சை நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் நாளே மீளத் தொடங்கிற்று. அவ்வறுவரும் ஏறியது தோணியன்று, உயர்ந்த சில்லுகளையுடைய உழவு இயந்திரம் என்பதைப் பெற்றோர் நினைவில் இருத்துக. அதன் உயரமே நம்மை ஏமாற்றுகின்றது. முழங்காலளவு ஓட்டநீர் வளர்ந்த ஆடவனையும் நிலைகுலையச் செய்யும். இரண்டடி நீர் மோட்டார் வண்டியைப் பெயர்த்துவிடும். உழவு இயந்திரம் அதனினுஞ் சற்று நிற்கலாம்; ஆனால் தெருவின் ஓரம் எது, வாய்க்கால் எது என்று கலங்கல் நீரிற் கண்டவர் யார்?

ஓராண்டு கழிந்தது. 2025ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 10ஆம் நாள் தொடங்கிற்று. அதே நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் தாக்கி, மலைநாட்டிலே மண்சரிவுகளால் ஊர்களையே மூடி, அறுநூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பரீட்சை மீண்டும் நின்றது. எஞ்சிய வினாத்தாள்களுக்கு மாணாக்கர் 2026 ஜனவரி 12ஆம் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருமுறை நேர்ந்ததைத் தற்செயல் எனலாம். இரண்டாண்டும் ஒரே கிழமையில் நேர்ந்ததை யாது என்பது?

இதனைப் படிப்போர், பரீட்சையைப் பழையபடி ஆகஸ்டிற்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பர். மாற்றுவதே நன்று, யானும் அதனையே வேண்டுகின்றேன். ஆயினும், பழைய ஒழுங்கிலே சாதாரணதரப் பரீட்சை டிசம்பர் மாதத்தில் நடைபெற்றது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஒன்று வெயிலுக்குப் போனால் மற்றொன்று மழைக்கு வரும். அதுவும் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் பரீட்சை. ஆதலின் நாட்காட்டி திருந்தட்டும் என்று கையைக் கட்டியிருத்தல் நமக்குத் தகாது. கடக்கும் வழியையே நாம் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

என் கருத்தை ஒளிக்காமற் கூறுகின்றேன். வெள்ளம் தெருவை மறித்த நாளில், கடப்பதா நிற்பதா என்ற முடிவு பதினெட்டு வயதுப் பிள்ளையிடமோ வாடகைக்கு வந்த சாரதியிடமோ விடப்படலாகாது. பரீட்சை தவறினால் ஓராண்டு போயிற்று என்ற அச்சம் பிள்ளையை முன்னே தள்ளும். கூலி சாரதியைத் தள்ளும். அச்சமும் கூலியும் இல்லாத ஒருவரே அம்முடிவைச் செய்தல் வேண்டும். மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் பரீட்சை நாட்களின் விடியற்காலையிலே பொலிசாரோ கிராம உத்தியோகத்தரோ நின்று, தெரு திறந்ததா அடைத்ததா என்று அறிவித்தல் அத்துணை அரிய காரியமா? அடைக்கப்பட்டால் அக்கரைப் பிள்ளைகள் எந்த மண்டபத்திற்குச் செல்வது என்பதைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னரே வீட்டுக்கு வீடு தெரிந்திருக்கச் செய்தல் வேண்டும். வானம் கறுத்தபின் வானொலியிற் சொல்வது பயன்படாது. அப்போது மின்சாரமும் இராது. கரையூர்களிலே உறவினரோ நண்பரோ உள்ளவர்கள் முதல்நாளே பிள்ளையைக் கொணர்ந்து தங்கவிடுதல் சாலவும் நன்று. காரைதீவிலும் கல்முனையிலும் பழைய மாணவர் பலருக்கு வீடுகள் உள. சங்கத்தார் விளையாட்டு மைதானத்திற்குச் சேர்க்கும் நிதியில் ஒரு சிறு பங்கை, அக்கரைப் பிள்ளைகள் பரீட்சை முடியும்வரை தங்கியுண்ணச் செலவிடுவார்களாயின் யான் மகிழ்வேன். அப்பிள்ளை எந்தச் சமயத்தவன் என்று கேளாது செய்வார்களாயின் இன்னும் மகிழ்வேன்.

மண்டபத்தை அடைந்துவிட்டாலும் தொல்லை முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், முழுதும் நனைந்த மாணவனொருவன் என் வரிசையில் வந்தமர்ந்தான். முதற் பக்கத்தில் அவன் எழுத்து நடுங்கிற்று. விடைத்தாளில் நீர் சொட்டி மை கரைந்தது. "எப்படி வந்தாய் தம்பி?" என்று வினாத்தாள் கொடுக்குமுன் கேட்டேன். "வாப்பா தோணியில கொண்டுவந்து விட்டாரு சேர், அவரு இன்னும் கரையிலதான் நிக்காரு" என்றான். அவன் தமிழ்ப் பாடத்தில் வல்லவன் என்று பின்னர் அவனுடைய ஆசிரியர் சொல்லக் கேட்டேன். அன்றைய முதல் ஒரு மணி நேரத்தை அவன் குளிருடனேயே போராடிக் கழித்தான். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையிற் பொதிந்து பத்திரமாய்க் கொணர்ந்திருந்தான். மாற்றுச் சட்டையொன்றைப் பொதிந்து வர எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

காய்ச்சலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மாரி நம் கரைக்கு நுளம்பையும் கொணர்கின்றது. டெங்கு பரவும் காலமும் பரீட்சைக் காலமும் ஒன்றாயின. பிள்ளைகள் காய்ச்சலை ஒளிக்கின்றனர். உம்மாவுக்குத் தெரிந்தால் போகவிடமாட்டார் என்பது அவர்கள் அச்சம். கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வந்தமர்கின்றனர். டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் காய்ச்சலுக்குப் பனடோல் அன்றி டிஸ்பிரின் முதலியவற்றைக் கொடுத்தல் இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று பிள்ளை எழுந்து நடக்கும் நாளே டெங்குவில் ஆபத்து மிகுந்த நாள் என்பதைப் பெற்றோர் பலர் இன்னும் அறியார். ஆதலாற் காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனை செய்வித்து, வைத்தியர் சொற்படி நடத்தல் வேண்டும். வயல் நீரில் நடந்து வருவோர்க்கு எலிக்காய்ச்சலும் வரக்கூடும். காலிற் புண்ணிருந்தால் அந்நீரில் இறங்கலாகாது. வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் குளோரின் இட்டுப் பின்னரும் கொதிக்கவைத்தே பருகுக. பரீட்சை நாளில் வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளையின் துன்பத்தை யான் கண்டிருக்கின்றேன். அதனை இங்கு விரித்தெழுதுவது மலருக்கு அழகன்று.

தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பதே கல்வியென்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. நள்ளிரவில் விளக்கெரியும் வீட்டைக் காட்டி அயலார் மெச்சுவர். பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து தனியார் வகுப்புகளைப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடைசெய்கின்றது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காவலைத் தடைசெய்வார் இலர். படித்தது மனத்தில் நிலைப்பது தூக்கத்திலேயே என்று இக்கால அறிவியல் கூறுகின்றது. மூன்று மணிக்கு எழுந்து படித்த பிள்ளை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் வினாவை இருமுறை பிழையாக வாசிப்பதை யான் முகத்திலேயே கண்டுகொள்வேன்.

நோன்புக் காலத்தைப் பற்றியும் சொல்லாதிருத்தல் இயலாது. 2025 மார்ச் மாதத்திலும் 2026 பெப்ரவரியிலும் சாதாரணதரப் பரீட்சை றமழானோடு வந்து கூடிற்று. யான் கற்பிக்கும் பிள்ளைகள் நோன்பு நோற்றவாறே எழுதினர். நோன்பின் விதிகளைக் கூற யான் உரியவனல்லேன், மார்க்கமறிந்தோரிடம் கேட்டறிக. ஓர் ஆசிரியனாக யான் கண்டதை மட்டும் கூறுவேன். சஹர் உணவை ஒழுங்காக உண்டு, போதிய நீரும் பருகி, இரவில் நேரத்தோடு உறங்கிய பிள்ளைகள், நோன்பில்லாத என்னினும் உற்சாகமாயிருந்தனர். சஹரைத் தவறவிட்டுத் தேநீரோடு வந்தவர்களே பதினொரு மணிக்குத் தலையை மேசையிற் சாய்த்தனர். நண்பகலுக்குப் பின்வரும் வினாத்தாளுக்கு முன், பள்ளிவாசலிலோ நூல்நிலையத்திலோ அரைமணி நேரம் கண்ணயர இடங்கொடுக்கும் பாடசாலை அதிபர்களுக்குப் பிள்ளைகள் சார்பில் நன்றி.

பரீட்சை ஒத்திவைக்கப்படும் நாட்களிலே பிள்ளைகள் மனத்தில் நிகழ்வது வேறொரு துன்பம். ஆறேழு நாள், சில வேளை ஆறேழு வாரம், வில்லை நாணேற்றியபடியே பிடித்திருப்பது போன்றது அது. "இனி என்னால் ஏலாது சேர்" என்று திறமைசாலியான பெண்ணொருத்தி சொன்னாள். யான் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. இரண்டு நாள் புத்தகத்தை மூடிவைத்துத் தாய்க்கு வீட்டிற் சேறு கழுவ உதவுமாறு சொன்னேன். மூன்றாம் நாள் தானாகவே படிக்கத் தொடங்கினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேறு கழுவுதல் மருந்தாகாது. உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வை வெறுத்துப் பேசும் பிள்ளையைப் பரிகசிக்காமல், 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தோடு பேசச் செய்க, கட்டணம் இல்லை. அனர்த்தத்திற்கு 117, நோயாளர் வண்டிக்கு 1990, பரீட்சை பற்றிய ஐயங்களுக்கு 1911. இந்நான்கு இலக்கங்களையும் வகுப்பறைச் சுவரில் எழுதுவித்தேன். சரித்திர ஆண்டுகளைவிட இவற்றையே பிள்ளைகள் விரைவாக மனனஞ் செய்துவிட்டார்கள் என்று சரித்திர ஆசிரியர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

அந்த நனைந்த மாணவனைக் கண்டபின், யானும் உடனாசிரியர் ஒருவரும் அலுமாரியொன்றில் உலர்ந்த வெள்ளைச் சட்டைகள் சிலவற்றைப் பல அளவுகளில் அடுக்கிவைக்கின்றோம். சென்ற மாரியில் ஏழு சட்டைகள் வைத்தோம். நான்கு திரும்பி வந்தன, அவற்றுள் இரண்டு சலவை செய்து பெட்டி போடப்பட்டு. இவ்வாண்டு பத்து வேண்டும். பழைய மாணவர் எவரேனும் தம் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகளை அனுப்ப விரும்பினால், பொத்தான்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து அனுப்புக.