நிலத்தடிச் செல்வமும் நமது குரலும்

வரவு செலவுத் திட்டம் என்றதும் நமக்குப் பெட்ரோல் விலையும் கல்விக் கடனும்தான் நினைவுக்கு வருகின்றன. சுரங்க நிறுவனங்கள் கட்டும் வரிக்கும் மாணவர்களாகிய நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியாவே சான்று.

2010 மே 2-ஆம் நாள், பிரதமர் கெவின் ரட்டின் அரசாங்கம் ஒரு புதிய வரியை அறிவித்தது. வழக்கமான இலாபத்திற்கு மேல் சுரங்க நிறுவனங்கள் ஈட்டும் தொகையில் 40 விழுக்காடு அரசாங்கத்திற்கு வரவேண்டும். கனிமம் மக்களின் சொத்து; விலை ஏறும்போது மக்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் வாதம். தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை 9 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்த்தும் திட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டிருந்தது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. முதலீடு ஓடிவிடும், வேலை போய்விடும் என்று விளம்பரம் செய்ய, இரண்டே மாதத்திற்குள் ஏறக்குறைய 22 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளியைச் செலவிட்டன. ஜூன் 24-இல் ரட் பதவி இழந்தார். வரி மட்டுமே காரணமன்று; ஆயினும் முக்கியக் காரணங்களுள் அதுவும் ஒன்று. அடுத்து வந்த ஜூலியா கில்லார்ட், மூன்று பெரிய நிறுவனங்களுடன் பேசி, வரியை 30 விழுக்காடாகக் குறைத்தார். இரும்புத் தாதுக்கும் நிலக்கரிக்கும் மட்டுமே என்று சுருக்கினார். 2012-இல் நடப்புக்கு வந்த அந்த வரியும் 2014-இல் இரத்தானது.

நிறுவனங்கள் வாய் திறக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரி கட்டுபவருக்குப் பேசும் உரிமை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பே பணம் போட்டவர், நடுவில் விதியை மாற்றினால் முறையிடத்தான் செய்வார். ஆனால், இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வரியின் சுமை சில நிறுவனங்களின் தலையில் விழுகிறது. நன்மையோ கோடிக்கணக்கான மக்களுக்குச் சிறிது சிறிதாகப் போய்ச் சேருகிறது. சுமப்பவர் உரக்கக் கத்துவார். சிறிது பெறுபவர் அதற்காகத் தெருவில் இறங்கமாட்டார். 2010-இல் நடந்தது இதுதான்.

நன்மை கண்ணுக்குத் தெரிந்தால் நிலைமை மாறும். குவீன்ஸ்லாந்து மாநிலம் 2022-இல் நிலக்கரி உரிமத் தொகையை உயர்த்தியது. டன்னுக்கு 300 வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு 40 விழுக்காடு. அங்கும் எதிர்ப்பு விளம்பரங்கள் வந்தன. ஆனால், 2024-இல் ஒவ்வொரு வீட்டின் மின்கட்டணத்திலும் 1,000 வெள்ளியை அம்மாநில அரசாங்கம் கழித்தது. அதற்கு நிலக்கரிப் பணமே கைகொடுத்தது என்றும் சொன்னது. அவ்வாண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிதாக வந்த கட்சியும் அந்த உரிமத் தொகையில் கைவைக்கவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தைப் பற்றித் தமிழ்ப்பள்ளியிலும் படித்தோம்; இடைநிலைப்பள்ளியிலும் படித்தோம். அந்த வருமானம் யார் கைக்குப் போனது என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. இன்று அரிய மண் கனிமங்களைப் பற்றிப் பேச்சு வலுத்து வருகிறது. சுரங்க உரிமம் வழங்குவது மாநில அரசாங்கம். உரிமத் தொகையும் மாநிலத்திற்கே. லாரி ஓடிச் சாலை குண்டும் குழியுமானால், குடியிருப்பாளர்கள் புகார் கொண்டுபோவதோ ஊராட்சி மன்றத்திடம். அம்மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. நிறுவனத்திற்கு மாநில அரசாங்கத்திடம் பேச ஆள் உண்டு. சாலையோரத்தில் குடியிருப்பவருக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வரும் சட்டமன்ற உறுப்பினரை விட்டால் வேறு யார்?

நம்மிடையே கணக்கியல், சட்டம், பொறியியல் பயில்பவர்கள் பலர் இருக்கிறோம். வரவு செலவுத் திட்டத்திற்கு நிதியமைச்சு பொதுமக்களிடமும் பரிந்துரை கேட்கிறது. கனிம வருமானத்தில் ஒரு பங்கு, கனிமம் தோண்டப்படும் ஊரின் ஊராட்சி மன்றத்திற்கே போகவேண்டும். அக்கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இந்த இரண்டு கோரிக்கைகளை எழுத இரண்டு பக்கம் போதும். பட்டிமன்றத்திற்கு ஒரு மாதம் தயாராகும் நமது கழகத்திற்கு, அந்த இரண்டு பக்கம் பெரிய வேலையா?