துணை மருத்துவப் பட்டம் எவ்வளவு கடன் தாங்கும்?

பிளஸ் டூ முடிவு வந்ததும், மருத்துவ இடம் எட்டாத மாணவர்களின் கண் துணை மருத்துவப் படிப்புகள் பக்கம் திரும்புகிறது. பிசியோதெரபி, ரேடியோகிராஃபி, லேப் டெக்னாலஜி, டயாலிசிஸ், ஆப்டோமெட்ரி என்று பட்டியல் நீளம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்த இடங்கள் குறைவு. மற்றவர்கள் தனியார் கல்லூரிக்கோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கோ போகிறார்கள். கையில் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதற்கு முன் வங்கிக்குப் போகிறார்கள். வங்கி கேட்பது சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், பெற்றோர் கையெழுத்து. அதே படிப்பை அதே கல்லூரியில் முடித்தவர்கள் போன ஆண்டு என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று மேலாளர் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. கேட்டாலும் நம்பத் தகுந்த கணக்கு எதுவும் கைக்குக் கிடைக்காது. கடன் தொகையைத் தீர்மானிப்பது கல்லூரி போடும் கட்டணம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியது மருத்துவமனை கொடுக்கும் சம்பளம். இரண்டுக்கும் முடிச்சு போடாத கடன் முறையில்தான் கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தப்பிக்கும் பொறுப்பைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது என்பது என் வாதம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம், நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை பிணை இல்லாமலே கிடைக்கும் தொகை இது. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வட்டி 10 சதவீதம் என்றால், தவணை தொடங்கும் நாளில் கடன் 6.75 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 8,900 ரூபாய். அதிகபட்சமாகப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டால் சுமார் 7,250 ரூபாய், மொத்தம் கட்டுவது 13 லட்சத்தைத் தாண்டும். தனியார் மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ புதிதாகச் சேர்பவருக்கு 15,000 ரூபாய் என்பது தமிழ்நாட்டில் யாரையும் வியக்க வைக்கும் தொகை அல்ல. சின்ன ஊர்களில் அதற்கும் கீழே. ஆக, நீண்ட தவணையைத் தேர்ந்தெடுத்தாலும் சம்பளத்தில் ஏறத்தாழ பாதி வங்கிக்குப் போகும். மிச்சத்தில் நகரத்தில் அறை வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாது. அதனால் தவணையை அப்பா கட்டுகிறார், அல்லது யாரும் கட்டுவதில்லை; இரண்டாவது நடந்தால் கூட்டுக் கடனாளியான அப்பாவின் சிபில் கணக்கிலும் கறை விழுகிறது.

எவ்வளவு தவணை நியாயம் என்பதற்கு உலகில் ஏற்கெனவே முயன்று பார்த்த அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் முக்கியமாக லாப நோக்கக் கல்லூரிகளுக்கென்று வகுத்த விதி, ஒரு படிப்பை முடித்தவர்களின் ஆண்டுத் தவணை அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. செலவு போக மிஞ்சும் வருமானத்தில் பார்த்தால் 20 சதவீதம். இரண்டு வரம்பையும் தொடர்ந்து மீறும் படிப்புக்கு அரசின் கல்வி உதவி நிற்கும் என்பது அதன் ஏற்பாடு. கல்லூரி முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. 2019-ல் அந்த விதியை நீக்கினார்கள், 2023-ல் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த 8 சதவீதத்தை இங்கே வைத்தால், 15,000 ரூபாய் சம்பளம் தாங்கும் தவணை 1,200 ரூபாய். பதினைந்து ஆண்டுத் தவணையில் அது சுமார் 83,000 ரூபாய்க் கடனுக்குத்தான் போதும். 5 லட்சம் கடனை நியாயப்படுத்த மாதம் 90,000 ரூபாய் சம்பளம் வேண்டும். நம் ஊரில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று தாராளமாகக் கணக்கிட்டு, மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தவணைக்கு ஒதுக்கினாலும், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து வாங்கத்தக்க கடன் இரண்டு லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

சம்பளம் ஏன் இவ்வளவு கீழே கிடக்கிறது? ஆள் மிகுதி என்று சொல்லிவிட முடியாது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2012-ல் தயாரான அறிக்கை, நாட்டில் துணை மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை சுமார் 64 லட்சம் என்று மதிப்பிட்டது. கல்லூரி விளம்பரங்கள் இப்படிப்பட்ட எண்களைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன. ஆனால் அது மக்கள்தொகைக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கு. சம்பளத்தோடு காத்திருக்கும் வேலைகளின் கணக்கு அல்ல. வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் ரயில்வே 2024-ல் நாடு முழுவதற்கும் வெளியிட்ட துணை மருத்துவப் பணி அறிவிப்பைப் பார்க்கலாம். மொத்தம் 1,376 இடங்கள். அவற்றில் 713 செவிலியர் பணி, 246 மருந்தாளுநர் பணி. பிசியோதெரபிஸ்ட் 20, டயாலிசிஸ் டெக்னீஷியன் 20, ஆப்டோமெட்ரிஸ்ட் 4, பெர்ஃப்யூஷனிஸ்ட் 2. பிசியோதெரபிக்கும் டயாலிசிஸுக்கும் அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். அந்தச் சம்பளத்தில் மேலே சொன்ன கடனை மூச்சுத் திணறாமல் கட்டலாம். ஆனால் அந்த நாற்பது இடத்துக்கு நாடே போட்டி போடுகிறது. மீதிப் பேர் போகும் தனியார் மருத்துவமனைகளில் குறுகிய காலச் சான்றிதழ் படித்தவரும், வேலை பார்த்தே கற்றுக்கொண்டவரும் அதே இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். இரண்டாண்டு டிப்ளமோ முடித்த லேப் டெக்னீஷியனும் நான்காண்டு பட்டதாரியும் ஒரே மேசையில் ஒரே ரத்த மாதிரியைப் பார்க்கும்போது, முதலாளி வேலைக்குத்தான் விலை வைப்பார். பட்டத்துக்கு வைக்க மாட்டார். செவிலியர்களுக்காவது 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது வேறு விஷயம்; சண்டை போட ஓர் எண்ணாவது அவர்கள் கையில் இருக்கிறது.

எல்லாப் படிப்பையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, ஆப்டோமெட்ரி படித்தவர் சில ஆண்டு கழித்துச் சொந்தமாகப் பலகை மாட்டலாம். வீடு வீடாகப் போயும் சம்பாதிக்கலாம். டயாலிசிஸ், பெர்ஃப்யூஷன், கேத் லேப் படித்தவருக்கு அந்த வழி இல்லை. இவர்களில் பின்னிரண்டு படிப்பு முடித்தவருக்கு இதய சிகிச்சை நடக்கும் மருத்துவமனை இருக்கும் ஊரில்தான் வேலை. அப்படிப்பட்ட ஊர்கள் குறைவு. வங்கியின் பார்வையில் மட்டும் எல்லாமே ஒன்றுதான்.

வெளிநாடு போனால் ஒரே ஆண்டில் அடைத்துவிடலாமே என்பார்கள். போனவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் வளைகுடா நாடுகளின் உரிமத்துக்குப் பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் தனிச் செலவு. அந்த அனுபவத்தை அதே 15,000 ரூபாய் வேலையில்தான் சேர்க்க வேண்டும். வங்கி தரும் அவகாசம் ஓராண்டு. விமானம் ஏறும் முன்பே தவணை வந்துவிடுகிறது. போகப் போகச் சம்பளம் கூடும் என்ற பதிலுக்கும் இதே விடைதான்: எட்டாவது ஆண்டில் வரும் உயர்வு முதல் மூன்று ஆண்டுத் தவணையைக் கட்டித் தராது, கணக்கு வாராக்கடன் ஆவது அந்தத் தொடக்க காலத்தில்தான்.

வட்டி மானியம் இருக்கிறதே என்று அரசுத் தரப்பு சொல்லும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரத் தரம் பெற்ற நிறுவனங்களில் படிப்பவர்களுக்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. நல்ல திட்டம்தான். மேலே சொன்ன கணக்கில் அது 1.75 லட்சத்தைக் குறைக்கும். பதினைந்து ஆண்டுத் தவணை 5,400 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இறங்கும். அப்போதும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டமோ தரவரிசையில் மேலே இருக்கும் நிறுவனங்களோடு (தொடக்கத்தில் 860) நின்றுவிடுகிறது. தேர்தல்தோறும் ஒலிக்கும் கடன் தள்ளுபடி வாக்குறுதியோ பழைய கடனைத் துடைக்கும். அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் தொடாது. மானியமும் தள்ளுபடியும் கடைசியில் கல்லூரியின் கட்டணத்துக்குத்தான் துணை நிற்கின்றன.

கனமான எதிர்வாதம் இன்னொன்று உண்டு. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் பெண்ணுக்கு அது மரியாதை, சொந்தக் கால், ஊரை விட்டு வெளியே வர ஒரு காரணம். இதை மாதத் தவணையால் அளப்பது கொடுமை இல்லையா? அந்த மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் தவணையால் அளக்கத் தொடங்கியது நான் அல்ல, கடன் கொடுத்த வங்கி. சம்பளத்தில் பாதியை வங்கிக்குக் கட்டும் பெண்ணின் சொந்தக் கால் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதே பட்டத்தை அரசுக் கல்லூரியில் வாங்கினாலும், இரண்டாண்டு டிப்ளமோவில் தொடங்கி வேலை பார்த்துக்கொண்டே மேலே போனாலும், அந்த மரியாதை குறைந்துவிடப் போவதில்லை.

செய்ய வேண்டியதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2021-ல் வந்த தேசியத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்குப் பதிவேடும் மாநில மன்றங்களும் அமைக்கச் சொல்கிறது. மாநிலங்கள் அதை இழுத்தடித்ததால் 2024-ல் உச்ச நீதிமன்றமே கெடு வைக்க வேண்டியிருந்தது. பதிவேட்டில் ஒவ்வொருவரும் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பது இருக்கும். பதிவைப் புதுப்பிக்கும்போது எங்கே வேலை, எந்தச் சம்பள வரம்பு என்று இரண்டு கேள்வியைச் சேர்த்தால், மூன்றே ஆண்டில் கல்லூரி வாரியாக வருமானக் கணக்கு கிடைத்துவிடும். வங்கி அதைக் கடன் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தவணைத் தொகையோடு அச்சிட வேண்டும். மாநிலக் கட்டண நிர்ணயக் குழுவும் கல்லூரியின் கட்டடச் செலவைப் பார்ப்பதோடு இந்தக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை அதன் வரம்புக்கு வெளியே விட்டுவைப்பதற்கு இந்தப் படிப்புகளைப் பொறுத்தவரை எந்த நியாயமும் தெரியவில்லை. இப்படிச் செய்தால் சில கல்லூரிகளில் இடங்கள் காலியாகும், சில படிப்புகளை மூடுவார்கள், ஆள் பற்றாக்குறை கூடும் என்பார்கள். மூடட்டும். ஆள் உண்மையிலேயே வேண்டுமென்றால் மருத்துவமனைகள் சம்பளத்தை உயர்த்தும், அரசு பணியிடங்களை உருவாக்கும். இன்றுவரை இரண்டு தரப்புக்கும் அந்த அவசியம் வராததற்குக் காரணம், கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் மலிவாக வந்து வரிசையில் நிற்பதுதான்.