கொள்ளிடம் தண்ணீர் ‘வீணாக’ கடலில் கலக்கிறதா? பிச்சாவரம் காடு சொல்லும் பதில்

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: ‘கொள்ளிடத்தில் ஆயிரக்கணக்கான கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது.’ முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்த 2018 ஆகஸ்டிலும் இதே பேச்சுதான். படிக்கிற யாருக்கும் மனசு பதறும். குடிக்கவும் பயிருக்கும் தண்ணீர் இல்லாமல் தவிக்கும் மாநிலத்தில் இப்படிக் கடலில் விடலாமா?

நியாயமான கேள்வி. ஆனால் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காடு இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் போய்விடலாம். அந்தப் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு ஆற்று நீர் வீணல்ல, சாப்பாடு. அந்த நீர் எப்படி வருகிறது, வராவிட்டால் என்ன ஆகிறது, இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கலாம்.

பிச்சாவரத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு கழிமுகங்களுக்கும் நடுவில் கிளை கிளையாகப் பிரியும் ஓடைகளும் சிறு திட்டுகளும்தான் பிச்சாவரம். இங்கே மூன்று வகை நீர் சந்திக்கிறது. சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. வெள்ளாறு, கொள்ளிடம் பக்கமிருந்து உவர்நீர் வருகிறது. கான்சாகிப் வாய்க்கால் போன்ற பாசன, வடிகால் வாய்க்கால்கள் வழியாக நல்ல தண்ணீர் வருகிறது.

அலையாத்தி மரங்கள் உப்புநீரில் வளர்பவை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ‘உப்புத் தண்ணி மட்டும் போதும்’ என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இவை உப்பைத் தாங்குகின்றன, அவ்வளவுதான். தாங்கும் அளவும் மரத்துக்கு மரம் மாறும். வெண்கண்டல் உப்பை உள்ளே எடுத்து இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். சுரபுன்னை தன் வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடும். இரண்டு வேலைக்கும் மரம் சக்தியைச் செலவழிக்க வேண்டும். உப்பு கூடக் கூட வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறையும். ஆற்று நீர் வந்து உப்பைக் குறைத்து, வண்டலும் சத்தும் கொண்டுவந்து சேர்த்தால்தான் காடு செழிக்கும்.

நல்ல தண்ணி குறைஞ்சா என்ன ஆகும்?

காவிரியில் மேட்டூர் அணை 1934-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் அணைகள், தடுப்பணைகள், பாசனத் திட்டங்கள் பெருகின. இதன் விளைவாக, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்த நீர் போய், வெள்ளம் வரும் சில வாரங்களில் மட்டும் கரைபுரண்டு ஓடும் நிலை வந்தது. மற்ற மாதங்களில் கழிமுகத்தில் கடலின் கைதான் ஓங்கியிருக்கிறது.

பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஓடையின் இருபுறமும் வளைந்து இறங்கும் வேர்களோடு சுரபுன்னை நிற்கும். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ முதல் பல படங்கள் காட்டியதும் இதைத்தான். ஆனால் அது பெரும்பாலும் ஓடைக் கரையை ஒட்டிய குறுகிய பட்டைதான். அதைத் தாண்டி உள்ளே போனால் காடு வேறு மாதிரி. உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல்தான் அங்கே பெரும்பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். ஆனால் பல வகை மரங்கள் இருந்த காடு ஒரே வகை மரத்தை நோக்கிச் சாய்வதும் ஒரு இழப்புதான்.

இதில் அண்ணாமலை நகருக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு மரமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாகப் பிச்சாவரத்தை ஆராய்ந்துவருகிறது. அங்கு பணியாற்றிய பேராசிரியர் க.கதிரேசன், பிச்சாவரத்திலிருந்து ஒரு சுரபுன்னை வகையை 1995-ல் அறிவியல் உலகுக்கு விவரித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’. இரண்டு சுரபுன்னை இனங்கள் இயற்கையாகக் கலந்து பிறந்த கலப்பினம் இது. கலப்பினம் என்பதால் சொந்த விதையால் பெருகுவது இதற்குக் கடினம். இரண்டு தாய் இனங்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பூத்தால்தான் இந்த மரம் இயற்கையாகப் புதிதாக உருவாகும். அதாவது, இந்த ஒரு மரத்தைச் சுற்றி வேலி போட்டால் போதாது. இரு இனங்களும் சேர்ந்து வாழும் சூழலையே காப்பாற்ற வேண்டும்.

மரம் நட்டா போதாதா?

போதாது. இதற்குப் பிச்சாவரமே பெரிய பாடம்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்து 1970-கள் வரை இந்தக் காடு விறகுக்காகவும் மரத்துக்காகவும் கூறு கூறாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து மொட்டையாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் மரம் தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. பல ஆண்டுகள் ‘ஆடு மாடு மேய்கிறது, ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள்’ என்றுதான் காரணம் சொல்லப்பட்டது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு காரணத்தைக் கண்டார்கள். மரத்தை மொத்தமாக வெட்டியதும் ஈர மண் வெயிலில் காய்கிறது. காய்ந்த மண் அமுங்கித் தொட்டி மாதிரி பள்ளமாகிறது. பிச்சாவரத்தில் கடல் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சிறு பள்ளம்கூடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. நாளடைவில் மண்ணின் உப்பு கடல்நீரையே மிஞ்சிவிடுகிறது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது.

தீர்வு எளிமையானது. மீன்முள் வடிவத்தில் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சரிவாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடல்நீர் தாராளமாக ஏறி இறங்கியதும் தேங்கியிருந்த உப்பு கழுவப்பட்டது. அதன் பிறகு வாய்க்கால் ஓரங்களில் கன்று நட்டார்கள். வனத்துறையும் உள்ளூர் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. 1980-களின் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டால் 2002-ல் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியிருந்தது. ‘மீன்முள் வாய்க்கால்’ பிறகு வேறு பல கடலோரங்களுக்கும் போனது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்க்கால் சரிசெய்தது கடல் பக்கத்துச் சிக்கலை. ஆற்றுப் பக்கத்துச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் மீட்ட இடங்களில் பெரும்பாலும் வெண்கண்டல் நிற்கிறது. தூர்வாராமல் விட்டால் வாய்க்கால்களும் வண்டல் படிந்து மேடாகிவிடும். பழைய கதை திரும்ப ஆரம்பித்துவிடும்.

சுனாமியை இந்தக் காடு தடுத்துச்சா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் பிச்சாவரத்தின் பெயர் உலகம் முழுக்கப் போனது. கடலூர் மாவட்டக் கடலோரத்தை ஆராய்ந்து 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று கிராமங்கள் தப்பியதையும், காட்டுக்கு முன்னால் கடலோரம் இருந்த இரண்டு கிராமங்கள் முற்றிலும் அழிந்ததையும் பதிவுசெய்தது. இதை மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தூரத்திலும் மேட்டிலும் இருந்தன, பாதுகாப்பின் பெரும்பங்கு அதனால்தான் என்பது அவர்கள் வாதம்.

சுனாமி மாதிரி அபூர்வப் பேரலை விஷயத்தில் விவாதம் இருக்கலாம். ஆனால் அன்றாட அலையின் வேகத்தைக் குறைப்பது, கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது ஆகியவற்றில் அலையாத்தியின் பங்கை யாரும் மறுக்கவில்லை.

காடு நலிஞ்சா யாருக்கு நஷ்டம்?

முதலில் இந்தக் கழிகளில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, வேர் இடுக்குகளில் தேடுவார்கள். இவர்களிடம் விசைப்படகும் கிடையாது, பெரிய வலையும் கிடையாது. காட்டில் இறால் இருந்தால் அன்றைக்கு வருமானம். இல்லாவிட்டால் இல்லை.

அடுத்து கடல் மீனவர்களுக்கு. வலையில் சிக்கும் இறாலிலும் மீனிலும் பல இனங்கள் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இந்த உவர்நீர்க் கழிகளில்தான்.

மூன்றாவது, விவசாயிகளுக்கு. ஆற்றில் நல்ல தண்ணீர் இறங்கிவராவிட்டால் கடல்நீர் ஏறிவரும். கொள்ளிடக் கரை ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகிப்போனது என்ற புகார் பழையது. மணல் அள்ளி ஆறு பள்ளமானால் கடல்நீர் இன்னும் உள்ளே வரும். அதனால்தான் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் கதவணை கட்டச் சொல்லி விவசாயிகள் கேட்கிறார்கள். கதவணை கடல்நீரைத் தடுக்கும். ஆனால் எப்போதும் மூடியே கிடந்தால் கீழே காட்டுக்குப் போகும் கொஞ்ச நீரும் நின்றுவிடும். ஒரே நோயால் இரண்டு பேரும் கஷ்டப்படுகிறார்கள், ஆனால் ஒருவருக்கான மருந்து இன்னொருவருக்கு ஆகாமல் போகலாம். கதவை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற விதியை முதலிலேயே எழுதிவைப்பதுதான் வழி.

இறால் பண்ணைகள் தனிக் கதை. ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பதிவு செய்து நடத்தலாம் என்றது. 2023-ல் அது மேலும் திருத்தப்பட்டது. தொழில் நடக்கலாம், ஆனால் பண்ணைக் கழிவுநீர் எந்த ஓடையில் விழுகிறது என்பதைக் கண்காணிக்காவிட்டால் பாதிப்பு காட்டுக்குத்தான்.

ராம்சர் பட்டியல்ல சேர்த்தாச்சே, அப்புறம் என்ன?

பிச்சாவரம் 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். நல்ல விஷயம்தான். 2017-ம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளும், அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி கேட்கும் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையும் இருக்கின்றன. எல்லைக்குள் யாரும் ஆக்கிரமிக்கவோ ஆலை கட்டவோ முடியாது.

ஆனால் பிச்சாவரத்துக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி எல்லைக்குள் நடப்பதில்லை. மேட்டூரிலும் மேலணையிலும் கீழணையிலும் எடுக்கும் முடிவு, ஆற்றில் அள்ளும் மணல், வயலில் அடித்த பூச்சிமருந்து, எல்லாமே எல்லைக்கு வெளியேதான்.

இதைச் சட்டம் எழுதியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2017 விதிகளில் ‘தாக்கப் பகுதி’ என்றொரு கருத்து இருக்கிறது. ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய நீர்ப்பிடிப்புப் பகுதியையும் வரையறுத்து, அங்குள்ள நிலப் பயன்பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பிச்சாவரத்துக்கு அந்தக் கோட்டைக் காட்டின் விளிம்பிலேயே நிறுத்தப்போகிறோமா, கீழணை வரைக்கும் இழுக்கப்போகிறோமா? இந்தக் காட்டின் எதிர்காலம் பெரிதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அப்போ விவசாயத்துக்கும் சென்னைக்கும் தண்ணி வேணாமா?

வேண்டும். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் நிரம்பினால்தான் அதை நம்பியுள்ள 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் பயிர் நிற்கும். 2004 முதல் சென்னைக்கும் அங்கிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை போகிறது. இதில் யார் கேட்பதும் அநியாயம் இல்லை. ஆற்றை அப்படியே கடலில் விடு என்று எந்த ஆய்வாளரும் சொல்லவும் இல்லை.

கேட்பது ஒரு சிறு பங்கு. அந்தப் பங்குக்குச் சட்டத்தில் இடமும் உண்டு. 2007-ல் வந்த காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, மொத்தம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 டிஎம்சியும் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் அதைக் கைவைக்கவில்லை. ஆனால் கர்நாடகம் தர வேண்டிய நீர் அளக்கப்படுவது மாநில எல்லையில் உள்ள பில்லிகுண்டுலுவில். காடு இருப்பதோ ஆற்றின் கடைசியில். வாய்க்கு வராத சோற்றைக் கணக்கில் எழுதி என்ன பயன்?

கங்கைக்கு 2018-ல் மத்திய அரசு ஒரு வழி காட்டியது. மேல் கங்கையில் எந்த மாதத்தில் நீர்வரத்தில் எத்தனை விழுக்காடு ஆற்றிலேயே ஓடவேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. கொள்ளிடத்துக்கும் அப்படியொரு மாத அட்டவணை போட முடியும். கோடையில் சில நாள், வெள்ளம் வடிந்தபின் சில வாரம், காட்டின் உப்பளவைப் பார்த்து கீழணையில் அளந்து விட்டால் போதும். உப்பை அளக்கும் ஆய்வகம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. கணக்கும் திறப்பும் ஒரே மேசையில் பேசப்பட வேண்டும், அவ்வளவுதான்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது தில்லை மரக் காட்டால். நடராசர் கோயிலின் தலமரம் அதுதான். ஊருக்குள் அந்தக் காடு எப்போதோ போய்விட்டது. இன்று தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அது நிலைக்க வேண்டுமானால், அடுத்த முறை மேட்டூர் நிரம்பும்போது ‘எவ்வளவு நீர் வீணாகிறது’ என்பதோடு நிறுத்தாமல், ‘மற்ற பத்து மாதமும் காட்டுக்கு எவ்வளவு போகிறது’ என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கும்.